காபூலில் எனக்கு ஓர் அக்கா

போன சனிக்கிழமை பின்னேரம், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில், மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் நான் ஆப்கானிஸ்தான் அகதியாகிவிட்டேன்.

பிறந்தது ஒஸ்லோவில். அம்மா அப்பா யாழ்ப்பாணம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தாண்டிய ஒரே எல்லை சுவீடன் எல்லை. அதுவும் மலிவு இறைச்சி வாங்க, அப்பாவின் டிரைவிங்கில்.

பிறகு எப்படி?

டிஜிட்டல் கதைசொல்லல் என்று ஒரு பட்டறை. ஆப்கானிஸ்தானின் மலைநாட்டில் இருந்து தலைமுறை தலைமுறையாகத் துரத்தப்படும் ஹசாரா இனத்துப் பெண்கள், தங்கள் கதையைத் தாங்களே மூன்று நிமிட வீடியோவாக்க வேண்டும். சொந்தக் குரல், சொந்தப் படங்கள். உரிமை கேட்க நூறு பக்க அறிக்கையைவிட இது மேல் என்பது என் கட்சி. எடிட்டிங் சொல்லிக்கொடுக்க ஓடிப்போனேன். எதற்குத்தான் நான் ஓடிப்போகவில்லை?

அங்கேதான் மாசூமா அக்கா. தாய் தகப்பனைக் குண்டுவெடிப்பில் இழந்தவர். வளர்த்தது மூத்த சகோதரி. அந்தச் சகோதரி இன்னும் காபூலில், வீட்டின் பின்னறையில் பெண்பிள்ளைகளுக்கு ஒளித்துக் கணக்குப் படிப்பிக்கிறார். அவரை இங்கே கூப்பிட வேண்டும். ஆனால் நோர்வேச் சட்டத்தின் கண்ணில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளை. வளர்த்த அக்கா? கஷ்டம்.

இதைத்தான் மாசூமா அக்கா வீடியோவில் கேட்க நினைத்தார். ஒரே சிக்கல் - முகமோ குரலோ அடையாளம் தெரிந்தால், அங்கே பின்னறைக் கதவு தட்டப்படும்.

முகம் சுலபம். மாதுளை உரிக்கும் கைகளை மட்டும் எடுத்தோம். குரல்? மென்பொருளில் போட்டு மாற்றினேன். ஜலதோஷம் பிடித்த பனிக்கரடி ஒன்று தன் பால்யத்தை நினைத்து அழுவது போல வந்தது. மற்றப் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்து சரிந்தார்கள்.

“துஷி ஜான், நீ வாசி,” என்றார் மாசூமா அக்கா. ஜான் என்றால் அவர்கள் மொழியில் செல்லம். (நாங்கள் இருவரும் கதைப்பது நோர்வேஜிய மொழியில். இங்கே எங்கள் தமிழில் தருகிறேன்.)

வாசித்தேன். ‘என் அக்காதான் எனக்கு அம்மா’ என்று தொடங்கி, உருகி உருகி வாசித்தேன்.

திரையிடல் முடிந்தது. மண்டபம் மூக்கை உறிஞ்சியது. அமைப்பாளர் பெண்மணி உணர்ச்சிவசப்பட்டு மைக்கைப் பிடித்தார்: “இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இங்கேயே இருக்கிறார். துஷி, மேடைக்கு வாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. குரல் என்னுடையதுதானே. கூட்டம்தான் கதையையும் என்னுடையதாக்கிவிட்டது.

கைதட்டல். பூங்கொத்து. ஹசாராப் பெண்களுக்கும் எனக்கும் முகத்தில் உள்ள ஒரே ஒற்றுமை, இரு தரப்புக்கும் மூக்கு ஒன்று என்பதுதான். அது யார் கண்ணிலும் படவில்லை. ‘கதை என்னுடையது இல்லை’ என்று சொல்லலாமா? சொன்னால் அடுத்த கேள்வி, ‘அப்ப யாருடையது?’ மண்டபத்தில் இருந்த ஹசாராப் பெண்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். கூட்டத்தில் பாதிப் பேர் கையில் போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

பூங்கொத்தை வாங்கிக்கொண்டு அகதியாகவே நின்றேன்.

முன்வரிசையில் இருந்து ஒரு பெண் நாடாளுமன்ற உறுப்பினர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எவ்வளவு அழகாக நோர்வேஜியன் பேசுகிறீர்கள். வந்து எத்தனை வருடம்?”

“கன காலம்...”

அப்போது தேநீர்த் தட்டோடு வந்தார் மாசூமா அக்கா. யாருமே அவரைக் கவனிக்கவில்லை. அவருக்கோ குஷி. என் காதருகே குனிந்தார்.

“அழு.”

“அழுகை வரேல்லை அக்கா.”

“அப்ப குனி. குனிஞ்சா அழுற மாதிரித்தான் தெரியும்.”

குனிந்தேன். உறுப்பினர் என் முதுகைத் தடவினார். “உங்கள் அக்காவுக்காக என்ன செய்யலாம், சொல்லுங்கள்.”

தட்டில் கண்ணாடிக் குவளைகள் கிலுகிலுத்தன. மாசூமா அக்கா தட்டை இறுக்கிப் பிடித்தார்.

கேலி அந்த இடத்தில் எனக்கு விட்டுப்போயிற்று. “வளர்த்த அக்காவையும் குடும்பமாக எண்ணுங்கோ,” என்றேன். “என்னைப் பெறாட்டிலும் அவதான் அம்மா.” குரல் உண்மையாகவே உடைந்துவிட்டது.

காதருகே மறுபடியும்: “இப்ப அழாதை. அவ போக முதல் விசயத்தைச் சொல்லி முடி.”

சொல்லி முடித்தேன். சட்டத்தை மாற்றுவதாக உறுப்பினர் வாக்குத் தரவில்லை. அவையில் கேள்வி கேட்பதாகச் சொன்னார். அதற்கே மாசூமா அக்கா அவருக்கு இரண்டு தேநீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறார். கூட்டத்தில் எங்கள் கமலா அன்ரியும் இருந்திருக்கிறார். போன் வந்துவிட்டது.

“பிள்ளையை ஆப்கானிஸ்தானில இருந்து தத்தெடுத்தனீங்களாம், இவ்வளவு காலமும் தனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையாம். கோவிச்சுக்கொண்டு போனை வைக்கிறா. என்னடி நடக்குது?”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“உன்ர அப்பாவின்ர மூக்கைப் பார்த்தாவது விளங்கேல்லையோ எண்டு கேட்டன். ஓமோம், தத்துப்பிள்ளையும் வளர வளர அப்பிடித்தான் ஒத்துவருமாம்.”

அம்மாவுக்கு உண்மையைச் சொன்னேன். அன்ரிக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அன்ரிக்குத் தெரிந்தால் நாட்டின் வடகோடி ஹம்மர்பெஸ்ட் வரைக்கும் தெரியும். அம்மா தானே போன் எடுத்து, “ஓம் அக்கா, தத்துத்தான்,” என்றார். என்னைப் பெற்ற வலியையே ஒரு வரியில் தள்ளிவிட்டார் மனுசி.

நேற்று மாசூமா அக்கா கூப்பிட்டார். வீடியோவைப் போனிலேயே காபூலுக்குப் போட்டுக் காட்டினாராம். பார்த்து முடித்ததும் போனில் இருந்து அழிக்கச் சொல்லிவிட்டாராம் அந்த அக்கா. பிறகு கேட்டாராம் - குரல் குடுத்த பிள்ளை ஆர், சாப்பிட்டவளோ, கணக்கு ஒழுங்காகச் செய்வாளோ?

ஒரு சகோதரியையே குடும்பத்தில் சேர்க்கச் சட்டம் யோசிக்கிறது. நாங்கள் இப்போது மூன்று சகோதரிகள்.