தெருநாய் இல்லாத பேரூராட்சி

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் தன் நாய்க்கு ஊசி போட ராஜபாளையம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் ஈரநாய் வாடையும் பினாயில் வாடையும் சேர்ந்து வந்து மூக்கில் மோதின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என் மூக்குக்கு அது ஒரு வியாழக்கிழமையின் வாடை. தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சி. பேரைச் சொல்ல மாட்டேன், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் கடைவீதியில் எதிர்ப்படுகிறார்கள். அங்கே நான் தற்காலிக எழுத்தர். அந்தத் ‘தற்காலிக’த்தை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. பாதி வேலை, எதிரே இருந்த பூங்காவின் ரேடியோ ரூமில் உட்கார்ந்து மைக்கில் ஊர்ச் செய்தி வாசிப்பது. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது, யாருடைய எருமையோ பேரூராட்சிப் பட்டியில் நிற்கிறது, இப்படி. என் குரல் டெல்லி வரைக்கும் போக வேண்டிய குரல் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒருநாள் செயல் அலுவலர் ஒரு தாளை நீட்டினார். வியாழக்கிழமை வீட்டு நாய்களுக்கு ஊசி போட்டு, கழுத்தில் பித்தளை வில்லை கட்டப்படும். வெள்ளிக்கிழமை வண்டி வரும்; வில்லை இல்லாததெல்லாம் தெருநாய், பிடித்துப் போய்விடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். செய்தி கம்பீரமாக இருக்கட்டுமே என்று ‘குடும்ப அட்டையுடன் வந்து பெற்றுக்கொள்ளவும்’ என்று நானாக ஒரு வரி சேர்த்து வாசித்துவிட்டேன்.

ரேஷன் கார்டு என்றதும் ஊருக்குப் புரிந்தது வேறு. “நாய் வச்சிருந்தா என்னமோ தராகளாம்லே!”

வியாழக்கிழமை காலை ஊரே அலுவலக வாசலில். சேலைக் கிழிசலில் கட்டிய நாய், மாட்டுக் கயிற்றில் கட்டிய நாய், சாக்குக்குள் உறுமுகிற நாய். ஒரே நாயை ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வெள்ளாட்டோடு வந்தார். “நாய் அம்புடல சார், இதுக்குப் பதிஞ்சிருங்க.” நாய்கள் ஒன்றையொன்று கவ்வத் தொடங்கியதும் செயல் அலுவலர் மேஜை மேல் ஏறினார். பிறகு நிர்வாகம் அங்கிருந்தே நடந்தது.

நான் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன். ‘இனம்’ என்ற கட்டத்துக்கு முதல் ஆள் குரலைத் தாழ்த்தித் தன் சாதியைச் சொன்னார். நாயின் இனம் என்று விளக்கியதும் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: “ராஜபாளையம்.” அசல் ராஜபாளையம் நாய் பால்வெள்ளையாக, மூக்கு ரோஸாக இருக்கும். என் பதிவேட்டிலோ கறுப்பு, செவலை, வரி போட்டது, வாலில்லாதது எல்லாமே ராஜபாளையம்தான்.

பத்து மணிக்கு உண்மை தெரிந்துவிட்டது. “ஊசி மட்டுந்தானா?” என்று பாதிப் பேர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் மாரியம்மாள் வந்தாள். ஸ்பின்னிங் மில்லில் வேலை; லீவு போட்டு வந்திருந்தாள். கையில் காது கிழிந்த ஒரு கறுப்பு நாய்.

“இது தெருநாயாச்சேம்மா, பஸ் ஸ்டாண்டில பாத்திருக்கேனே” என்றார் மேஜை மேலிருந்த செயல் அலுவலர்.

“தெருவுல கெடக்கும்யா. ஆனா எங்க நாய்.”

“சோறு போடுறியா?”

“மிஞ்சுனா போடுவேன்.”

“பொறவு எப்படி உன் நாய்?”

“விடியுமுன்ன மில் பஸ்ஸுக்குத் தென்னந்தோப்பு வழியா ஒத்தையில நடந்து வாரேன்யா. மூணு வருசமா இதுதான் கூட வருது. நான் பஸ் ஏறுன பொறவுதான் திரும்பும். நாளைக்கு இத வண்டியில தூக்கிட்டுப் போயிட்டா நான் யாரோட வருவேன்?”

கூட்டம் அமைதியாகிவிட்டது. நாய்கள் ஆகவில்லை. செயல் அலுவலர் மேஜையிலிருந்து இறங்கி, “எழுதிக்கப்பா” என்றார் என்னிடம்.

அவிழ்த்த கயிற்றை டீக்கடைக்காரர் மறுபடி முடிந்தார். “அப்போ இந்தச் செவலை எங்க கடை நாய், சார்.” ஒருவர் சொன்னால் போதாதா? மத்தியானத்துக்குள் ஊரில் இருந்த ஒவ்வொரு நாய்க்கும் ஓர் ஆள் வந்துவிட்டது. வில்லை தீர்ந்துபோய், சோடா மூடியைத் தட்டி ஆணியால் நம்பர் கீறிக் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. சுருக்குக் கம்பியோடு ரெண்டு பேர் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். எந்தக் கழுத்தைப் பார்த்தாலும் ஏதோ மின்னுகிறது. “காலி வண்டியோட போனா ஏசுவாக சார், ஒண்ணாவது குடுங்க” என்று ஒருவர் கெஞ்சினார். எங்களிடம் எங்கே இருக்கிறது? ‘இப்பேரூராட்சியில் தெருநாய்கள் இல்லை’ என்று மேலிடத்துக்கு நானே டைப் அடித்தேன். சாயங்காலம் மைக்கிலும் வாசித்தேன். ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் பதினோரு நாய்கள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தன. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எப்படிச் சாதித்தீர்கள் என்று பார்க்க வேறொரு ஊரிலிருந்து வந்த அதிகாரிகளை எங்கள் நாய்கள் ஜீப் வரை துரத்தின.

மாரியம்மாளைச் சேத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் போன பிறகும் அந்த நாய் கொஞ்ச நாள் தினமும் ரோடு வரை தனியாகப் போய்த் திரும்பியது.

இப்போது மில் வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்லதுதான். பூங்கா இருந்த இடத்தில் கடைகள். நான் இருக்கிற குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு கேள்வி: தெருநாய்களைப் பிடித்துப் போகச் சொல்லி மனு கொடுக்கலாமா? ஐந்தே நிமிடத்தில் அறுபது கட்டைவிரல்கள். ஒரு நாயைக்கூட எங்களுடையது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.