சாரல் காற்றும் எட்டு கார்டுகளும்

2024 பிப்ரவரி 12 – கிராபிக்ஸ் கார்டு எட்டு – ரூ. 5,44,000
2024 மார்ச் 4 – போர்டு, பவர் சப்ளை, ஸ்டாண்டு – ரூ. 1,37,500
2024 மார்ச் 18 – காற்றாடிகள், தகரக் குழாய் – ரூ. 41,200
2024 ஏப்ரல் 1 – குற்றாலம் லாட்ஜ் ஹால், அட்வான்ஸ் – ரூ. 60,000
2024 ஏப்ரல் 22 – இன்சூரன்ஸ் – ரூ. 9,440

கூட்டினால் ஏழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து நூற்று நாற்பது. தென்காசி துல்கர்னைன் ஷார்ஜாவில் பதினொரு வருஷம் இருந்து சேர்த்ததில் பெரும்பங்கு இது. அவன் இதைப் போட்டது ஒரே ஆசைக்காக: இனி விமானம் ஏறக்கூடாது. மகள் ஹம்னாவுக்கு ஏழு வயது. அவளோடு அவன் இருந்த லீவு நாட்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது.

ஷார்ஜாவில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் கூடத்தைக் குளிராக வைத்திருப்பது அவன் வேலை. வெளியே வெயில் நாற்பத்தெட்டைத் தொடும். உள்ளே இருபத்திரண்டைத் தாண்டினால் போன் அலறும். சூடு எங்கே பிறக்கும், எந்த வழியாக வெளியேறும், தூசி அதை எங்கே மறிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அங்கே சூடு ஒன்றுதான் எதிரி. காற்றில் ஈரம் என்ற ஒன்று இருப்பதை அவன் பதினொரு வருஷத்தில் மறந்தே போயிருந்தான்.

ஊரில் அவன் தொடங்கிய தொழில் இது. கொச்சியில் வீட்டு வரைபடம் போடும் அலுவலகம் ஒன்று வேலை அனுப்பும். எட்டு கார்டுகளும் ராப்பகலாக ஓடி, இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த வீடுபோல் படமாக்கித் தரும். குடும்பச் செலவு போக மிச்சமும் பிடிக்கலாம்.

மார்ச்சில் வீட்டு மாடியில் வைத்து ஓட்டிப் பார்த்தான். எண்பத்தைந்து டிகிரியைத் தொட்டதும் கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. நாலு மணி நேர வேலை ஏழு மணி நேரம் இழுத்தது. ஒவ்வொரு கார்டாகக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பசை காய்ந்து கிடந்ததைத் துடைத்தெடுத்துப் புதுப் பசை வைத்தான். வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினான். எழுபத்தெட்டுக்கு வந்தது. ஆனால் கார்டை விட்டுப் போன சூடு மாடி அறையிலேயே நின்றது. ஏசி போட்டால் வருமானம் முழுதையும் கரண்டு பில் தின்றுவிடும்.

அப்போதுதான் குற்றாலம் அவன் புத்தியில் பட்டது. ஐந்தருவி ரோட்டில் ஒரு பழைய லாட்ஜின் கீழ்த்தள ஹால். மேற்கே இரண்டு பெரிய ஜன்னல்கள். மேற்கிலிருந்து காற்றை இழுத்துக் கார்டுகள் மேல் விட்டு, கிழக்கே தகரக் குழாய் வழியாகச் சூட்டை வெளியே தள்ளினான். ஒயரிங் செய்து கொடுத்தது மனைவி அலிமாவின் தம்பி ஒலி முகம்மது. ஜூன் முதல் வாரம் சாரல் தொடங்கியது. கார்டுகள் அறுபத்திரண்டு டிகிரியில் ஓடின. அந்த எண்ணை அவன் போனில் படம் எடுத்து ஷார்ஜா நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

லாட்ஜைப் பெருக்கும் ஆனந்தவள்ளி ஒரு நாள் அந்த ஜன்னல்களைச் சாத்திவிட்டாள். அவன் பதறியடித்துத் திறந்தான்.

"சாரல் விழுந்தா மேக்க உள்ள ஜன்னலச் சாத்தாம யாரு இருப்பா பாய்? உப்பு டப்பாவே தண்ணியா நிக்கி. நீங்க என்னன்னா ஃபேன் வச்சுல்லா இழுக்கீய."

"அந்தக் காத்துக்குத்தான்க்கா வாடக குடுக்கேன். இதுகளுக்கெல்லாம் எந்நேரமும் காய்ச்சல்."

"காய்ச்சக்காரனச் சாரல்ல நிறுத்துத டாக்டர இப்பத்தான் பாக்கேன்."

"சூடா இருக்குத வரைக்கும் அதுமேல ஈரம் தங்காதுக்கா. இனிம சாத்தக் கூடாது, ஆமா."

அவன் சொன்னது பொய் இல்லை. ஓடுகிற கார்டில் ஈரம் தங்காதுதான். ஓடாத கார்டைப் பற்றி அவன் யோசிக்கவில்லை.

ஜூன் 17 ஹஜ்ஜுப் பெருநாள். பதினொரு வருஷத்துக்குப் பின் வீட்டோடு அவனுக்கு வாய்த்த முதல் ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து வந்ததும் போனைப் பார்த்தான். எட்டு கார்டுகளும் தொடர்பில் இல்லை என்று காட்டியது. ஐந்தருவிப் பக்கம் மரக்கிளை முறிந்து லைனில் விழுந்துவிட்டதாக ஒலி முகம்மது விசாரித்துச் சொன்னான்.

"போய்ப் பாத்துட்டு வரவா மச்சான்?"

"எதுக்கு? கரண்டு வந்தா தானா ஸ்டார்ட் ஆயிரும். அப்படித்தான் செட் பண்ணிருக்கேன். ஒக்காந்து சாப்பிடுலே."

ஹம்னா புதுச்சட்டையோடு அவன் மடியை விட்டு இறங்கவில்லை. அவனுக்கும் இறக்கிவிட மனமில்லை.

சாயங்காலம் ஆனந்தவள்ளி போன் செய்தாள்.

"பாய், கரண்டு வந்துட்டு. உங்க ரூம்ல டப்பு டப்புனு கேட்டுச்சு. இப்பக் கருகுத வாட வருது."

"மெயின ஆஃப் பண்ணுங்கக்கா! கதவுப் பக்கம் செவத்துல இருக்கும். ஜன்னல் எப்படி இருக்கு?"

"தொறந்துதான் கெடக்கு. சாத்தக் கூடாதுன்னீயள்லா."

காற்றாடி நின்ற பிறகும் மேற்குக் காற்று நிற்கவில்லை. அது பகல் முழுக்கச் சாரலைச் சுமந்து வந்து, குளிர்ந்து கிடந்த கார்டுகள் மேல் பூசியிருந்தது. தகட்டு இடுக்குகளில் படிந்த தூசி நனைந்து களியாக இருந்தது. அந்த ஈரத்தோடுதான் எட்டும் ஒரே நேரத்தில் கண் விழித்தன. துல்கர்னைன் ஒவ்வொன்றையும் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவி, வெயிலுக்கு ஆலாய்ப் பறந்து, கடைசியில் தென்காசி மொட்டைமாடியில் காயவைத்தான். இரண்டு மட்டும் பிழைத்தன. சென்னையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை என்பதால் வாரண்டி கிடையாது. இனி இன்சூரன்ஸ்தான். அதுவும் கிடைக்காவிட்டால் ஷார்ஜாதான். பழைய மேலாளர் அக்டோபர் 15 வரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

சேதம் பார்க்க ஆள் வருவதற்கு முந்தின நாள் ஒலி முகம்மது வீட்டுக்கு வந்தான்.

"இடி விழுந்து லைன்ல அடிச்சிட்டுனு சொல்லிருங்க மச்சான். நான் தோண்டுன எர்த்துக் குழி பத்தடி போவணும், அஞ்சடிதான் போச்சு, கீழ பாறை. தப்பு என்மேல வரட்டும்."

"வந்தா ஒன் லைசென்ஸு?"

"போவும். ஆலங்குளத்துல கட போட்டுக்கிடுதேன்."

"என்ன கட?"

"மிக்சி ரிப்பேரு."

"மிக்சி ரிப்பேர் பாத்து மூணு புள்ளையள வளத்துருவியோ?"

அலிமா அடுக்களை வாசலில் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் யாருக்குனு பேச?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை திருநெல்வேலியிலிருந்து வந்தவர் வல்லிநாயகம். நல்ல மனுஷர். கார்டுகளைப் புரட்டிப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார்.

"மின்னல் கின்னல் எதுவும் இருந்துச்சா பாய்? இருந்தா எழுதிக்கிடுவேன். எர்த்த மட்டும் தோண்டிப் பாக்கணும்."

ஒலி முகம்மது வாயைத் திறந்தான். துல்கர்னைன் அவனை முந்திக்கொண்டான்.

"மின்னல் இல்ல சார். ஜன்னலத் தொறந்து வச்சது நான். சாத்த வேண்டாம்னு சொன்னதும் நான். சாரல் உள்ள வந்துட்டு. ஈரத்தோட ஸ்டார்ட் ஆயிட்டு."

வல்லிநாயகம் பேனாவை மூடினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுதீயளா?"

"யோசிக்காமத்தான சார் இப்படி ஆச்சு."

அவர் பேனாவைத் திறந்து, சொன்னபடியே எழுதிக்கொண்டார். ஒலி முகம்மது வெளியே போய் பைக்கின் மேல் உட்கார்ந்து அழுதான்.

கம்பெனியிலிருந்து முதல் கடிதம் ஜூலையில் வந்தது: கோரிக்கை கிடைத்தது. இரண்டாவது ஆகஸ்டில்: பரிசீலனையில் உள்ளது. செப்டம்பர் முழுக்க அலிமா தபால்காரரை எதிர்பார்த்தாள். சொன்னதைச் சொல்லியாயிற்று, இனி என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவள் எதிர்பார்ப்பதை அவன் தடுக்கவில்லை. ஹால் சாவியை ஒப்படைத்தான். பிழைத்த இரண்டு கார்டுகளை வந்த விலைக்குத் தள்ளி டிக்கெட் எடுத்தான்.

அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரத்துக்கு ஒலி முகம்மதுதான் கார் ஓட்டினான். புளியறை செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒலி முகம்மது கண்ணாடியை இறக்கினான்.

"நல்ல காத்து வருது மச்சான். ஏசிய அமத்திரவா?"

"கண்ணாடிய ஏத்துலே," என்றான் துல்கர்னைன்.



மூன்றாவது கடிதத்தை அலிமாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். ஒரே பக்கம். ஜன்னல்களைத் தாமே திறந்து வைத்திருந்ததாகக் காப்பீடுதாரர் ஒப்புக்கொண்டிருப்பதால் இழப்பீடு வழங்க இயலாது, இதுவே இறுதி முடிவு என்றிருந்தது. இரண்டு தடவை வாசித்தாள். படம் எடுத்து அனுப்பலாம் என்று போனை எடுத்தவள், அவன் டியூட்டியில் இருப்பான் என்று கீழே வைத்தாள். அது வந்த நாள் 2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை.