அண்ணனின் காது

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் மழையை நம்ப முடியாது. கடலையும் சோளமும் கைவிட்ட பிறகுதான் ஆட்கள் ரிக் வண்டி ஏறி, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடக் கிளம்பினார்கள். என் அண்ணனும் அப்படித்தான் போனார். பெரும்பாலும் சத்தீஸ்கரில் வேலை. மழை பிடித்து வண்டி நகர முடியாத மாதங்களில் மட்டும் வீட்டுக்கு வருவார்.

ஒவ்வொரு முறை வரும்போதும் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசினார். ரிக்கின் கம்ப்ரஸர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்று காது போய்க்கொண்டிருப்பது எங்களுக்குப் புரிய வெகுநாளாயிற்று. யாராவது பேசினால் வாயையே பார்ப்பார். எங்கள் தெருவில் அப்படிப் பார்க்கிற ஆண்கள் நாலைந்து பேர் இருந்ததால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்தபோது ரயிலேறி வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "போதுஞ் சாமி. இனி அந்த வண்டிக்குப் போவாத. ஊட்டோட இரு" என்றார். உதடு சரியாக அசையவில்லை. குரலும் எழவில்லை, வெறும் மூச்சுதான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அம்மா என்ன சொல்லுது அம்மிணி?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் நின்றுவிடுவார் என்று தெரியும். அவர் மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். அவரை விட்டால் சம்பாதிக்க ஆளில்லை.

"சாப்ட்டியான்னு கேக்குதுங்கண்ணா" என்றேன்.

அவர் அம்மாவின் காதருகே குனிந்து, வீடே அதிரும்படி, "சாப்புட்டேம்மா! நீ கவலப்படாத!" என்றார். அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை. மத்தியானம் அம்மா போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் அண்ணன் ரிக்குக்குத் திரும்பினார். மேலும் நாலு வருஷம். இப்போது இரண்டு காதும் கேட்காமல் வீட்டோடு இருக்கிறார். மகள் வேலைக்குப் போகிறாள். எதுவானாலும் நோட்டில் எழுதித்தான் காட்டுகிறோம்.

போன மாதம் மனசு தாங்காமல், அம்மா அன்றைக்கு உண்மையில் சொன்னதை எழுதி அவர் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன் அம்மிணி" என்றார். எதற்கும் கத்திப் பேசுகிறவர், அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

எனக்காகச் சொன்னாரோ என்னவோ. அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.