கொழுந்தன் போட்ட கேபிள்

அந்த மருத்துவமனையில் எல்லாரும் அவளை சர்வர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வந்த நர்ஸ்கள், கேன்டீனில் பரிமாறுகிறவள் போலிருக்கிறது என்று நினைத்து டீ கேட்டதும் உண்டு. டீ கீழே கிடைக்கும், இங்கே யுனிக்ஸ்தான் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். மாடிப்படிக்குப் பின்னால், ஏசி ஓயாமல் உறுமும் ஒரு சின்ன அறையில் யுனிக்ஸில் ஓடும் மருத்துவமனையின் சர்வர் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. அவற்றை வாய்விட்டுத் திட்டவும் செய்வாள். வாய் கொஞ்சம் நீளம்தான்; வேலையில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

அவளுக்குச் சோதனை வந்தது ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து. அங்குள்ள மெஷினிலிருந்து முடிவுகள் கேபிள் வழியாக அவளுடைய சர்வருக்கு வந்து, அங்கிருந்து வார்டுகளுக்குப் போக வேண்டும். கொஞ்ச நாளாக ஒன்றிரண்டு முடிவுகள் போய்ச் சேரவில்லை. டாக்டர்கள் கத்தினார்கள். நாங்கள் அனுப்பிவிட்டோம் என்று கூடத்துக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் மாட்டிக்கொண்டது வாயில்லா ஜீவனான கேபிள்.

கேபிள் மாட்டிக்கொண்டது என்றால் அவளுடைய கொழுந்தன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். கணவனின் தம்பியான அவன், இன்னொருவரிடம் கைகட்டி நின்றது போதும் என்று வேலையை உதறிவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கி எடுத்த முதல் பெரிய வேலை அந்தக் கேபிளைப் போட்டது. சிபாரிசு செய்ததும் இவள்தான். இந்த வேலையில் பெயர் கெட்டால் அடுத்து எவன் கூப்பிடுவான்?

கேபிளில் தகவல் தொலைகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி நிர்வாகி அவளிடமே கேட்டார். நெட்வொர்க்கில் தகவல் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் ஓடும். அவற்றைப் பிடித்துப் பதிவு செய்ய யுனிக்ஸில் ஒரு கருவி இருக்கிறது. அதை ஓடவிட்டாள். நிறுத்தியதும் கடைசி வரியில் கணக்கு வந்தது: பிடித்தது கொஞ்சம், தவறியது மலைபோல. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே கதி. சொந்தக்காரன் என்பதற்காக மூடி மறைக்க அவளுக்குத் தெரியாது. கேபிளில்தான் தகவல் தொலைகிறது என்று போய்ச் சொல்லிவிட்டாள். நாளைக்கே வந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகட்டும் என்றார் நிர்வாகி.

அன்று மாலை வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கணவன் மதில் மேல் பூனையாக டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் சாப்பிடாமல் எழுந்து போனான். மாமியார் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"நம்ம வீட்டுப் பையன். அங்க சொல்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் வேலைக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்து வைத்த பதிவைத் திறந்தாள். எந்த முடிவுகள் தொலைந்தன என்று தெரிந்தால் கேபிளில் ஒரு பகுதியையாவது காப்பாற்றலாம் என்ற நப்பாசை. ஆனால் உள்ளே ரத்தப் பரிசோதனையைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பக்கம் பக்கமாக ஒரே பேச்சு: அவளுடைய சர்வருக்கும், அடுத்த அறையிலிருக்கும் பொதுச் சேமிப்பு மெஷினுக்கும் இடையே. இவை இரண்டும் அப்படி என்னதான் பேசிக்கொள்கின்றன என்று எரிச்சலோடு பார்த்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

சர்வரின் டிஸ்க் நிரம்பி வழிகிறதே என்று, பதிவை அந்தப் பொதுச் சேமிப்பில் எழுதச் சொன்னது அவள்தான். அங்கே எழுத அதே நெட்வொர்க் வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் ஒருவனை உட்காரவைத்து, வருகிறவர் போகிறவர் பெயரையெல்லாம் சீட்டில் எழுது, ஒவ்வொரு சீட்டையும் இதே வாசல் வழியாக ஆள் மூலம் கொடுத்தனுப்பு என்றால் என்ன ஆகும்? சீட்டுக் கொண்டு போகிறவர்களின் பெயரை எழுதியே அவன் கை ஓய்ந்துவிடும். பாதிப் பேரைத் தவறவிடுவான். தவறவிட்டது கேபிள் அல்ல, அவள் உட்காரவைத்த காவல்காரன். அந்தக் கடைசி வரி சொன்னதும் அதைத்தான். இதெல்லாம் தெரியாதவளா அவள்? அரிச்சுவடி மாதிரி தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டாள்.

தன்னைத்தானே நன்றாகத் திட்டிக்கொண்டு, பழைய குப்பையை அழித்து டிஸ்கில் இடம் செய்தாள். பதிவை அங்கேயே எழுதச் சொன்னாள். பரிசோதனை மெஷினின் பொட்டலங்களை மட்டும் பிடித்தால் போதும் என்றாள். பிறகு காத்திருந்தாள். ஒரு முடிவு வரவில்லை என்று வார்டிலிருந்து போன் வந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புகாருக்குச் சந்தோஷப்பட்டாள். கருவியை நிறுத்திப் பார்த்தாள். தவறியது பூஜ்யம். காணாமல் போன முடிவு பதிவில் முழுசாக இருந்தது. வாங்கிக்கொண்டேன் என்று சர்வரே பதிலும் அனுப்பியிருந்தது. அதே நொடியில் இன்னொன்றும் வந்திருந்தது. இப்படி இரண்டு முடிவுகள் ஒன்றாக வந்தால் ஒன்றை விழுங்கிவிடுவது சர்வரில் ஓடும் மென்பொருள். கேபிள் வாசல்வரை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

நிர்வாகியிடம் ஓடினாள்.

"நேத்து நான் சொன்னது தப்பு சார். கேபிள்ல ஒரு கோளாறும் இல்ல. நான் பிடிச்ச விதத்துலதான் கோளாறு."

அவர் இரண்டு பதிவுகளையும் பார்த்தார். பிறகு கேபிளைத் திட்டிய அதே குரலில் மென்பொருள்காரர்களைத் திட்டப் போனை எடுத்தார்.

பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே, கொழுந்தன் ஏணியில் நின்று கூரைத் தகட்டைக் கழற்றி முடித்திருந்தான். கையில் கட்டிங் பிளேயர்.

"வெட்டாத தம்பி, இறங்கு" என்றாள். மூச்சு வாங்கியது.

அவன் இறங்கி வந்ததும் ஒன்று விடாமல் சொல்லி, தன் தப்பையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டாள். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நீங்க சொன்னதும் நானே நம்பிட்டேன் அண்ணி, எனக்குத்தான் வேலை தெரியலன்னு. பழைய முதலாளிகிட்ட திரும்ப வர்றேன்னு காலைல சொல்லிட்டேன்."

இரவு அவன் சாப்பிடாமல் எழுந்து போனது கோபத்தில் அல்ல என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இப்போதே அவரைக் கூப்பிட்டுச் சொல் என்றாள்.

அவன் அங்கேயே நின்று கூப்பிட்டான். "சார், என் வேலைல தப்பு இல்லையாம் சார்" என்றான். போனை அண்ணியிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"அவனோட அண்ணி பேசறேன் சார். தம்பி வரமாட்டான். அவனுக்குத் தொழில் இருக்கு."