எதிர் அணிக்குக் கைதட்டிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. வருஷத் திதிக்கு மலையேறி வந்து, சாப்பிட்டுக் கை கழுவி, இந்த நினைவு மலரை ஈரக் கையால் வாங்குகிற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இதை எழுத வேண்டியவர் எங்கள் அக்காதான். அவர் பேனாவை எடுத்தால் அழுகிறார். அதனால் என்னைப் பிடித்தார்கள். நான் கூட்டத்தில் சிரிப்புக் காட்டுகிறவன். ஹட்டனில் என் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கதை கேட்க வருகிறார்கள். மீதிப் பேர், போன மாதம் கொடுத்த துணி என்ன ஆயிற்று என்று கேட்க வருகிறார்கள். இப்படிப்பட்டவன் எழுதுவதில் குறை இருந்தால் அண்ணனுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் என்னை அப்படித்தான் பொறுத்துக்கொண்டார்.

அண்ணன் பிறந்தது ராகலைப் பக்கம் மேமலைத் தோட்டத்தில், ஆற்றைப் பார்த்த லய வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். அப்பா மார்ச்சளியில் போனபோது அண்ணன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. மறுவாரமே, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்றார். அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர் அவர். என்னைத் தையல் பழக ஹட்டனுக்கு அனுப்பியவரும் அவர்தான். "ஒனக்கு மல ஏற வராது, ஒக்காந்து செய்யிற வேல பாரு" என்றார். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அண்ணனுக்குப் பந்து விளையாட வராது, பார்க்க வரும். மேமலைக்கும் கீழாத்துத் தோட்டத்துக்கும் நடுவே ஆறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டிய சமதரையில்தான் பந்து விளையாடுவார்கள். மேட்டுச் சரிவில் மேமலைக்காரர்கள் நிற்பார்கள், சவுக்கு மரங்களின் கீழ் கீழாத்துக்காரர்கள் நிற்பார்கள். தீபாவளிக்கு மறுநாளும் பொங்கலுக்கு மறுநாளும் நடக்கும் மேட்ச்சுக்கு இரண்டு தோட்டமும் வெறிச்சோடிவிடும். என்னையும் ஒருமுறை கோல் காக்க நிறுத்தினார்கள். பந்து வேகமாக வந்தது. பெரியவர்களுக்கு வழி விடுகிற மாதிரி நான் ஒதுங்கிக்கொண்டேன். அதன் பிறகு கூப்பிடவில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. அதே வருஷம் தோட்டத்துத் தமிழர்களான எங்களுடைய பிரஜாவுரிமை போனது. இரண்டையும் சேர்த்து அண்ணன், "ஒரு கையில குடுத்தாங்க, ஒரு கையில எடுத்தாங்க" என்பார். அண்ணி கீழாத்துப் பெண். அங்கே ஆள் தேவைப்பட்டதால் அண்ணன் பேரை அந்தத் தோட்டத்தில் பதிந்துகொண்டு, ஆற்றைத் தாண்டி அண்ணியின் லயத்துக்குக் குடிபோனார்.

குடிபோன சில மாதங்களிலேயே பொங்கல் மேட்ச் வந்தது. அண்ணன் சவுக்கு மரத்தடியில் அண்ணியின் பக்கத்தில் நின்றார். மேமலை கோல் போட்டதும் கைதட்டினார். அத்தனை கீழாத்துக்காரர்களுக்கு நடுவில் ஒற்றை ஆளின் கைதட்டல். அண்ணியின் பெரியப்பா மகன் மாயழகு மச்சான் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டார். அண்ணி நடுவில் புகுந்து, "விடுண்ணே, வீட்டுக்கு வரட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றாராம். அன்றைக்குப் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம் இது: எந்தத் தோட்டம் தோற்கிறதோ அந்தப் பக்கத்து ஆள், அடுத்த மேட்ச் வரை, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும். மேமலை தோற்றபோது அண்ணன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பெண்களுக்கு நடுவில் வரிசையில் நின்றார். லயமே வாசலில் நின்று சிரித்தது. அண்ணன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அண்ணி அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, மண் சரிந்து ரோடு மூடியிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இல்லை. அதன் பிறகு மேமலை ஜெயித்தாலும் கீழாத்து ஜெயித்தாலும் அண்ணனே தண்ணீர் எடுத்தார்.

வேறு கல்யாணம் செய்யச் சொன்னோம். கேட்கவில்லை. மேமலைக்குத் திரும்பி வரச் சொன்னோம். அங்கே திரும்பப் பேர் பதிய மாட்டார்கள் என்றார். அது உண்மைதான். ஆனால் மேட்ச் அன்றைக்காவது ஆற்றைத் தாண்டி வந்து நம் ஆட்களோடு நிற்கலாமே? அதற்கும் வரவில்லை. வருஷாவருஷம் சவுக்கு மரத்தடியிலேயே நின்று மேமலைக்குக் கைதட்டினார், வருஷாவருஷம் மாயழகு மச்சானிடம் திட்டு வாங்கினார். நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துப் பெருமைப்பட்டோம். எதிரியின் கூடாரத்தில் நின்று பிறந்த மண்ணுக்குக் குரல் கொடுக்கிறார் என்று நான் கடையில் கதை சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் இரண்டு தோட்டத்தையும் ஒரே தொரையின் நிர்வாகத்தில் கொண்டுவந்தார்கள். இரண்டு டீமும் ஒரே டீமாயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம். புதுப் பனியன் வந்தது. காற்சட்டை தைத்தது நான். முதல் மேட்ச்சிலேயே இரண்டு கிழிந்தன. என்றாலும் டீம் ஜெயித்தது. சரிவிலும் சவுக்கு மரத்தடியிலும் ஒரே கூச்சல்.

அந்தச் சமயத்தில் அண்ணனுக்கு இருமல் கூடியிருந்தது. ஹட்டனுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். "வர்றேன், மேட்ச் முடியட்டும்" என்றார். அப்படித்தான் நான் வாழ்க்கையில் முதன்முதலாக அவர் பக்கத்தில் நின்று ஒரு மேட்ச் பார்த்தேன். உடன் பிறந்தவரின் ருசிகள் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தன. மேட்ச் முடியும்வரை பால் இல்லாத சாயத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார். முடிந்ததும் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வேண்டும். கோல் அடிக்கிறவர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பின்னால் நின்று தடுக்கிறவர்களைப் பிடிக்கும். மைதானத்தோரம் யாராவது தப்பு மேளம் அடித்தால் முகம் சுளிப்பார். "பந்துச் சத்தம் கேக்க மாட்டேங்குது" என்பார். பெனல்டி என்றால் திரும்பி நின்றுகொள்வார். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் சேந்து ஒருத்தன நிக்க வச்சுப் பாக்குறாங்க. அது என்ன வெளையாட்டு" என்றார்.

அன்றைக்கு எதிர் அணி கொத்மலைப் பக்கத்திலிருந்து லொறியில் வந்திருந்தது. பனி இறங்கி விலகியபோது அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். மைதானம் அமைதியாகிவிட்டது. என் பக்கத்தில் மட்டும் கைதட்டல். அண்ணன் தட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இவர் யாரென்றே தெரியாத மாதிரி மலையைப் பார்த்தேன்.

மாயழகு மச்சான் வந்தார்.

"மேமலைக்குத் தட்டுன, சரி, பொறந்த எடம். கொத்மலைக்காரன் ஒனக்கு யாரு மாப்புள? மாமனா மச்சானா?"

அண்ணன் மைதானத்தையே பார்த்தார்.

"கேக்குறேன்ல?"

"நல்லா அடிச்சான். தட்டுனேன்."

"நம்ம பயலுக அடிச்சப்ப கைய எங்க வச்சிருந்த?"

"கோட்டுப் பையில. குளுரு."

யாரும் சிரிக்கவில்லை. மாயழகு மச்சான், "ஒனக்கும் எனக்கும் இனிப் பேச்சில்ல" என்று சொல்லி மைதானத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

பேச்சு உண்மையிலேயே நின்றுபோனது. இப்போது அண்ணன் இரண்டு தோட்டத்துக்கும் ஆகாதவர். முன்பெல்லாம் பீலியில் குடத்தை இடித்துத் தள்ளி, "மேமலையாரே, ஒங்க ஆத்துல தண்ணி இல்லையா?" என்று கிண்டல் செய்வார்கள். இப்போது அவரைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். வர்றேன் என்றவர் ஹட்டனுக்கு வரவில்லை; நான் போன ஞாயிறுகளில் அதைப் பார்த்தேன். நிறைந்த குடத்தோடு அவர் வருகிறார், இரண்டு பக்கமும் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். பெரட்டிலும் அப்படித்தானாம். அந்த மாதங்களில் அண்ணன் பேசிய பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசியது மட்டும்தான் என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதிலும் முக்கால்வாசி நான் பேசியது.

ஒரு நாள் மத்தியானம் அவருடைய காம்பராவில் உட்கார்ந்து கேட்டே விட்டேன்.

"மேமலைக்குத் தட்டுறது எங்களுக்குப் பெருமை. இது எதுக்குண்ணே? யாருன்னே தெரியாதவனுக்குத் தட்டி ஊர்ப் பகைய வாங்கணுமா?"

"மேமலைக்கு நான் எப்படா தட்டுனேன்?"

"இத்தன வருசமா தட்டுனீங்களே."

அவர் அடுப்பைக் கிளறிவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஒங்க அண்ணி எந்தப் பக்கமோ, அதுக்கு எதுத்த பக்கம் நான். அப்பிடித்தான் எங்களுக்குப் பழக்கம். அவ கீழாத்துக்காரி. இப்ப ரெண்டும் ஒண்ணாயிருச்சு, அவ அதுக்குத்தான் கத்துவா. நானும் அதே பக்கம் நின்னா எங்களுக்குள்ள பேச்சு ஏது?"

இத்தனை காலம் அவர் எங்களுக்காகக் கைதட்டுகிறார் என்று நினைத்திருந்தோம். நாங்கள் அந்த மேட்ச்சில் இல்லவே இல்லை.

திரும்பும்போது பஸ் ரோட்டில் மாயழகு மச்சான் நின்றிருந்தார். நான் அவரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத அவன் வாயால சொல்லக் கூடாதா?"

"சொல்ற ஆளா மச்சான் அவரு?"

"எந்தங்கச்சி என்னா கத்து கத்துவா தெரியுமா. நாங்களே வாய மூடு புள்ளன்னு சொல்லுவோம்." அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அடுத்த மாதம் அண்ணன் படுத்துவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, நெஞ்சு முழுக்கப் பழுதாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹட்டனுக்கு வர அவர் ஒப்பவில்லை. நானும் அக்காவும் மாறி மாறிப் போய் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொத்மலைக்காரர்கள் விளையாட வந்தார்கள். மழைச் சத்தத்தில் கூச்சல் எழும்புவதும் அடங்குவதுமாக இருந்தது. யார் கோல் போடுகிறார்கள் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. "போய்ப் பாத்துட்டு வாடா" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். நான் பார்த்துவந்து சொன்னால் யாருக்கும் விளங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாலையில் வாசலில் நிழலாடியது. கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மாயழகு மச்சான் நனைந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே ஓடி அவர் கையைப் பிடித்தேன்.

"மச்சான், கொத்மலைக்காரங்க ஜெயிச்சிட்டாங்கன்னு சொல்லுங்க. கடைசி நேரத்துல சந்தோசப்படட்டும்."

அளவு தப்பி வெட்டிய துணியை வாடிக்கைக்காரர் பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அண்ணனின் கால்மாட்டில் நின்றார்.

"மூணுக்கு ஒண்ணு. ஒன் ஆளுங்க மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு லொறியில ஏறுனாங்க."

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டாவது யாரு அடிச்சா?"

"கறுப்பையா மகன். எடது பக்கத்துலருந்து வந்த பந்து."

"முன்னாடியே போயி நின்னுருப்பான். ஆஃப்சைட்டு."

"பாக்காத மேட்ச்சுக்கு ஆஃப்சைட்டு சொல்ற ஒரே ஆளு நீதான் மாப்புள."

"பாக்கணுமா? அவன் எப்பவும் அங்கதான நிப்பான். சோம்பேறி."

"ரெஃப்ரி குடுத்துட்டாரு."

"ரெஃப்ரி ஒங்கள வேல வாங்குற கண்டாக்கையாவோட மச்சினன்."

"யார்ரா ஒங்க கண்டாக்கு? நீ எங்க வேல பாக்குற?"

அண்ணன் எழுந்து உட்கார முயன்றார். மாயழகு மச்சான் முதுகுக்குத் தலையணையை வைத்துக்கொண்டே திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, தேத்தண்ணி போடு. இவன் லேசுல விடமாட்டான்" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கி வாங்கி அண்ணன் பேசினார். நான் கொண்டுபோன ஆறுதல் எதுவும் அவரை அப்படிப் பேசவைத்ததில்லை. கிளம்பும்போது மாயழகு மச்சானிடம், "நாளைக்கு வா மச்சான், மிச்சத்தப் பேசுவோம்" என்றார்.

மச்சான் மறுநாள் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அந்த இரண்டாவது கோல் முடிவாகவே இல்லை. ஒரு காலையில், மச்சான் வருவதற்கு முன், அண்ணன் அமைதியாகப் போய்விட்டார்.

அண்ணனின் நோய்க் காலத்தில் மருந்து கொடுத்த தோட்டத்து மருந்தையாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்துக் காம்பராப் பெண்களுக்கும், அன்றைக்குப் பெரட்டை விட்டுவிட்டு வந்து பாடையை முறை மாற்றித் தூக்கிய இரண்டு தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், செய்தி கேட்டு லொறி பிடித்து வந்த கொத்மலை விளையாட்டுக்காரர்களுக்கும், இந்த மலரை அச்சிட உதவியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் பேச்சைக் கேட்காத மாயழகு மச்சானுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். போன வாரமும் என் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஆஃப்சைட் இல்லை என்று சொன்னார். அண்ணன் இல்லாததால் நான் பதில் சொன்னேன். ஆஃப்சைட்தான் மச்சான். ஆஃப்சைட் என்றால் என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து விளக்குவதாகச் சொல்லியிருக்கிறார். விளக்கினாலும் ஒத்துக்கொள்வதாக இல்லை.

தம்பி