அண்ணன் கடைப் பவுடர்

எங்கள் தோப்பின் வேலியோரத் தென்னையில், அடித்தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிவதை முதலில் பார்த்தவர் பக்கத்துத் தோட்டத்து அக்காதான். அவருடைய மரங்களிலும் அதே நோய். வேர் வழியே ஏறி அடித்தண்டை அழுக வைக்கும் பூஞ்சை அது. ஒரு மரத்தைத் தின்றுவிட்டு மண்ணுக்குள்ளேயே அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

கிருஷிபவனில், அதாவது ஊர் வேளாண் அலுவலகத்தில், கூட்டம் போட்டு வழி சொன்னார்கள். கெட்ட பூஞ்சையைத் தின்னும் நல்ல பூஞ்சை ஒன்று உண்டு, ட்ரைக்கோடெர்மா என்று பெயர். அந்தப் பவுடரை வேப்பம் புண்ணாக்கும் மக்கிய சாணமும் சேர்த்துப் பிசைந்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தால் கொஞ்ச நாளில் பச்சையாகப் பூக்கும். பூத்ததை மரத்தடியில் போட வேண்டும்.

என் அண்ணன் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

"என்ற அண்ணன் கடையில கெடைக்குமுங்க அக்கா. நம்பி வாங்கலாம்."

என்னை நம்பித்தான் அவர் வாங்கினார்.

என் குவியல் பூக்கவே இல்லை. தினமும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன், சாணம் சாணமாகவே கிடக்கும். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், "தண்ணி பத்தியிருக்காது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கிருஷிபவனிலேயே பாக்கெட் வாங்கிய இன்னொரு வீட்டில் போய்ப் பார்த்தால், சாக்குக்கு அடியில் பாசி படர்ந்ததுபோல் அப்படி ஒரு பச்சை. உடனே பஸ் ஏறி அண்ணன் கடைக்குப் போனேன்.

தகரக் கூரைக்கு நேர் கீழே, பரணில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார். சித்திரை வெயில். பாக்கெட்டைக் கையில் எடுத்தால் சுட்டது.

"ஏனுங்ணா, இது உசுருள்ள சாமானுங்களாமா. சூட்டுல வெச்சா செத்துப்போயிரும்னு கூட்டத்துல சொன்னாங்களே?"

"கம்பெனிக்காரனும் அதத்தான் சொன்னான். அதுக்குன்னு பவுடருக்கு ஏசி போட்டுக் குடுக்க முடியுமா? தேதி இன்னும் முடியல. உடு பாப்பா."

தெரிந்தே விற்றிருக்கிறார். எதிரில் பாக்கெட் வாங்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினேன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தப் பவுடர் செத்ததுங்க. என்ற பேச்சக் கேட்டு நீங்க ஏமாந்துட்டீங்க."

"பூக்காதப்பவே எனக்குத் தெரியும் அம்மிணி," என்றார். "கிருஷிபவன்ல வாங்குனவங்க ஊட்டுல பூத்ததுல கொஞ்சம் வாங்கியாந்து என்றதுல கலந்தேன். இப்ப நல்லாப் பூத்திருச்சு. உங்கிட்ட சொன்னா உங்கண்ணனக் கொற சொல்ற மாதிரி ஆயிருமேன்னுதான் வாயத் தொறக்கல."

பிறகு, என் குவியலில் கலக்கச் சொல்லி ஒரு கூடை அள்ளிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. கூடையைச் சுமந்துகொண்டு வரப்பில் நடக்கும்போது எதிரில் யாரும் வந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

வேலியோர மரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. என் குவியலும் பூத்தது; அதைப் போட்ட பிறகு, அதற்குள் நோய் பிடித்திருந்த மற்ற மரங்களில் சாறு வடிவது நின்றது.

அடுத்த மாரியம்மன் நோம்பிக்கு அண்ணன் சாப்பிட வந்தார். அக்காவும் வந்திருந்தார். சாப்பிட ஆரம்பித்ததும் அண்ணன் தோப்பைக் காட்டிச் சொன்னார்: "எல்லாம் நம்ம கடைப் பவுடருங்க. மரம் எப்படி நிக்குது பாத்தீங்களா?"

அக்கா இலையைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க" என்றார்.

அந்த "ஆமாங்க"தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"இல்லீங்ணா," என்றேன். "நீங்க குடுத்தது செத்த பவுடர். அக்கா ஒரு கூடை குடுத்தாங்க, அதுலதான் நிக்குது."

அண்ணன் பாயசத்துக்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்தார். அக்கா என்னைக் கடிந்துகொண்டார்: "சாப்பிடற மனுசன்கிட்ட இப்பவா சொல்லோணும்?"

அவர் சொன்னதும் சரிதான். இரண்டு பக்கமும் எனக்கு வெட்கமாகவே இருந்தது. அண்ணன் அதற்குப் பிறகு போனில் மட்டும் பேசுகிறார், மரங்களைப் பற்றிக் கேட்பதே இல்லை.